நாலாவது ஆள் இல்லாத படம்

எங்கள் வீட்டு ஆல்பத்தைப் பார்க்கிற யாரும் முதலில் கேட்பது, "இவர் யாரு?" என்றுதான். எங்களைப் பற்றி அல்ல, எங்கள் பக்கத்தில் நிற்கும் ஆளைப் பற்றி. ஒரு படத்தில் டில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட் கடைக்காரர், முருங்கைக்காய்க் கட்டோடு. இன்னொன்றில் எங்கள் ஆஸ்பத்திரி லிஃப்ட்மேன். மற்றொன்றில் கோல்கப்பா என்கிற பானிபூரி விற்கும் பையா, கையில் உடைந்த பூரியோடு திருதிருவென்று முழிக்கிறார். ஒரு கிறிஸ்துமஸுக்கு ஆள் யாரும் கிடைக்காமல், மாதா கோவில் குடிலில் இருந்த சூசையப்பர் சிலையைப் பக்கத்தில் இழுத்து வைத்து எடுத்தோம். அந்தப் படத்தில் இயல்பாக இருப்பவர் சூசையப்பர் ஒருவர்தான்.

நாங்கள் மூன்று பேர். மூவரும் நர்ஸ். டில்லிக்கு வேலைக்கு வந்த புதிதில், கரோல் பாக்கில் மூன்றாவது மாடி வீடு ஒன்றைச் சேர்ந்து பிடித்தோம். பன்னிரண்டு வருஷம் அங்கேயே குப்பை கொட்டினோம். ஒருத்தி மதுரைக்காரி, ஒருத்தி நாகர்கோவில்காரி, நான் திருச்சி. ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்வோம். சண்டை வந்தால் ஊரையே இழுத்துத் திட்ட அது ரொம்ப வசதி.

எல்லாக் கூத்துக்கும் காரணம் நாகர்கோவில்காரி. மூன்று பேர் சேர்ந்து போட்டோ எடுத்தால் ஒருத்தி பிரிந்து போய்விடுவாள் என்று அவள் வீட்டில் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். எங்கள் வீடுகளிலும் சொல்லியிருக்கிறார்கள்தான், ஆனால் நாங்கள் மறந்துவிட்டோம். இவள் மறக்கவில்லை. ஞாயிறு பூசைக்கு ஒருநாள் தவறமாட்டாள், ஜெபமாலை தலையணைக்கு அடியில் இருக்கும், ஆனாலும் மூன்று பேர் வரிசையாக நின்றால் பதறிப்போய் நாலாவது ஆளைத் தேடுவாள். இதெல்லாம் மூடநம்பிக்கை என்று ஃபாதர் பிரசங்கத்திலேயே சொன்னார். வெளியே வந்ததும், "அவருக்கென்னட்டி, அவரு எப்பவும் தனியாத்தான போட்டோ எடுக்காரு" என்றாள்.

அதனால் பன்னிரண்டு வருஷத்தில் நாங்கள் மூவர் மட்டும் இருக்கும் படம் ஒன்றுகூட இல்லை. அதைப் பற்றி நான் கவலைப்பட்டதும் இல்லை. நாகர்கோவில்காரி ராத்திரியும் பகலுமாக ஜெர்மன் படித்து, பரீட்சை பாஸ் பண்ணி, ஜெர்மனியில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலையும் வாங்கி, ஞாயிற்றுக்கிழமைக்கு டிக்கெட்டும் போட்ட பிறகுதான் எனக்கு அது உறைத்தது. அவள் விமானம் ஏறுவதற்குள் எப்படியாவது ஒரு படம். முருங்கைக்காய் இல்லாமல், சூசையப்பர் இல்லாமல், நாங்கள் மட்டும். மதுரைக்காரியிடம் சொன்னேன். அவளும் தலையாட்டினாள்.

போகிறவளுக்குப் பரிசாக ஒரு காமிரா வாங்கிக் கொடுத்து, அதிலேயே அந்தப் படத்தை எடுத்துவிடலாம் என்பது எங்கள் திட்டம். போன் இருக்கிறதே என்று கேட்காதீர்கள். அவள் போனில் ஊர்க்காரர்கள் அனுப்பும் காலை வணக்கப் படங்களுக்கே இடம் போதாது. ரோஜாப்பூவை அழித்தால் அனுப்பியவர்கள் மனசு கஷ்டப்படும் என்று ஒன்றையும் அழிக்கமாட்டாள்.

எந்தக் காமிரா என்பதில்தான் எனக்கும் மதுரைக்காரிக்கும் முட்டிக்கொண்டது. நான் டியூட்டி முடிந்து வந்து வீடியோ வீடியோவாகப் பார்த்து, மிரர்லெஸ் என்று முடிவு கட்டியிருந்தேன். லென்ஸைக் கழற்றி மாட்டுகிற பெரிய ரகம். அவளோ சட்டைப் பையில் போடுகிற குட்டிக் காமிராதான் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

"சென்சார் பெருசுடி" என்றேன்.

"சென்சார்னா என்ன?"

"அது... பெருசா இருந்தா நல்லது."

"கிழிச்ச. அவ கழுத்துல குக்கரைக் கட்டித் தொங்கவிடணும்ங்கிற, அம்புட்டுத்தான? ஆமா, அந்தப் பேருக்கு என்னடி அர்த்தம்?"

"உள்ள கண்ணாடி இருக்காதுன்னு அர்த்தம்."

"ஆத்தி! இருந்ததைக் கழட்டிட்டு அதுக்கு இம்புட்டு விலையா? குட்டியா வாங்குவோம்டி. பையில போட்டமா, எடுத்தமா, அமுக்குனமான்னு இருக்கணும். அவ கைராசி உனக்குத் தெரியாததா?"

அதில் அவள் சொன்னது நியாயம்தான். நாகர்கோவில்காரி எடுத்த எந்தப் படத்திலும் எங்களுக்குத் தலை கிடையாது. நரம்பே தெரியாத கிழவருக்குக்கூட ஒரே குத்தில் ஊசி ஏற்றுகிற கை அது. காமிராவைப் பிடித்தால் மட்டும் கழுத்துக்கு மேலே போகாது. செங்கோட்டை முன்னால் எங்களை நிற்க வைத்து அவள் எடுத்த படத்தில் இரண்டு துப்பட்டாக்களும் ஒரு தண்ணீர் பாட்டிலும் இருக்கின்றன. அதனால்தான் முகத்தைத் தானே கண்டுபிடித்துப் பெட்டி போட்டுக் காட்டுகிற பெரிய காமிரா வேண்டும் என்று நான் வாதாடினேன். நல்ல காரணம்தானே? மதுரைக்காரி அசையவில்லை. மூன்று நாள் நாங்கள் காமிராவைத் தவிர வேறெதுவும் பேசவில்லை, சாம்பாரில் உப்பில்லை என்பதைக்கூட.

வெள்ளிக்கிழமை மாலை, மதுரைக்காரியின் தம்பிக்குக் காமிரா பார்க்க வேண்டும் என்று பொய் சொல்லி நாகர்கோவில்காரியையும் கூட்டிக்கொண்டு பக்கத்துத் தெருக் காமிராக் கடைக்குப் போனோம். யார் கைக்கு எது ஒத்துவருகிறது என்று பார்த்துவிட்டால் சண்டை தீர்ந்துவிடும் அல்லவா. கடைக்காரர் பொறுமைசாலி. பார்த்துப் பழக வைத்திருந்த இரண்டு காமிராக்களையும் எடுத்து மேஜைமேல் வைத்தார். பெரியதை நாகர்கோவில்காரி கையில் கொடுத்தேன். ஒரு கை அடியில், ஒரு கை தலைப்பக்கம் என்று, பிறந்த குழந்தையை வாங்குவதுபோல் வாங்கினாள்.

"எம்மோ, என்ன கனம்! ரெண்டே முக்கா கிலோ இருக்கும்" என்றாள். பிரசவ வார்டில் எட்டு வருஷம் இருந்தவள்.

கடைக்காரர் சிரித்துக்கொண்டே அதை வாங்கி முக்காலியில் மாட்டி, பின்பக்கத் திரையை எங்களைப் பார்த்துத் திருப்பிவிட்டார். "தேக்கியே மேடம், தீனோ கா ஃபேஸ்" என்றார், மூன்று பேர் முகத்தையும் பாருங்கள் என்று. திரையில் நாங்கள் தெரிந்தோம். ஒவ்வொரு முகத்தைச் சுற்றியும் ஒரு பச்சைப் பெட்டி. ஒன்று, இரண்டு, மூன்று. வேறு யாரும் இல்லை. கடைக்காரர் விரல் பொத்தானுக்குப் போனது.

நாகர்கோவில்காரியும் எண்ணியிருக்கிறாள். "அய்யோ, மூணு!" என்று அலறி, பக்கத்தில் பேட்டரி வாங்க வந்திருந்த ஒரு சர்தார்ஜியின் சட்டைக்கையைப் பிடித்து, "பாய்சாப், ஆயியே, ஜல்தி ஜல்தி!" என்று இழுத்து எங்கள் நடுவில் நிறுத்திவிட்டாள். அந்த மனிதரும் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு பிரமாதமாகச் சிரித்தார். நாலாவது பெட்டி வந்தது. படம் விழுந்தது.

எனக்கு வந்ததே கோபம்! "உனக்கு மூளை இருக்கா? நாளன்னைக்கு ஃப்ளைட் ஏறப்போற! ஒரே ஒரு போட்டோ, மூணு பேரா, அதுகூட எங்களுக்குக் கிடையாதா? யாரோ ஒரு தாடிக்காரரைப் பாத்துத்தான் நான் உன்னை நினைச்சுக்கணுமா?" என்று கத்தினேன். சர்தார்ஜி தாடியைத் தடவிக்கொண்டு மெல்ல நகர்ந்தார்.

"ஏட்டி, நான் உங்க நல்லதுக்குத்தான..." என்று அவள் ஆரம்பித்தாள்.

மதுரைக்காரி கத்தவில்லை. அவள் கத்தாமல் பேசினால் பயப்பட வேண்டும். "ஏண்டி, பன்னண்டு வருசமா மூணு பேரா ஒரு படம் எடுக்கல. ஊருல போறவன் வாரவனையெல்லாம் நடுவுல நிப்பாட்டுனோம். சரி. இப்பப் பிரிஞ்சு போறது யாரு?" என்றாள்.

கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவரும் துணியால் லென்ஸைத் துடைப்பதை நிறுத்திவிட்டார்.

நாகர்கோவில்காரி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூக்கு சிவந்துவிட்டது. "எனக்குத் தெரியாதா மக்கா? விசா வந்த அன்னைக்கே நெனச்சேன். போட்டோ எடுத்துட்டுப் பிரிஞ்சிருந்தா பழி போட்டோ மேல போயிருக்கும். இப்ப பாரு, ஒரு படமும் இல்ல. நானா எழுதுன பரீட்சை, நானா போட்ட டிக்கெட்டு. பழியும் எனக்குத்தான்" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். நானும் அழுதேன். மதுரைக்காரி மட்டும் அழாமல், "ஏசியைப் போட்டு வெச்சிருக்கான் பாரு, கண்ணெல்லாம் எரியுது" என்று கடைக்காரரை முறைத்தாள்.

மூக்கைச் சிந்திவிட்டு நாகர்கோவில்காரி நிமிர்ந்தாள். "எடுப்போம்ட்டி. பழியை அந்தச் சனியன் போட்டோ ஏத்துக்கிடட்டும்."

நான் பாய்ந்து போய் முக்காலிக்கு முன்னால் நின்றேன். திரை கறுப்பாக இருந்தது. "பேட்டரி கதம், மேடம்" என்றார் கடைக்காரர். வேறு பேட்டரி சார்ஜில் இருக்கிறதாம், அரைமணி ஆகுமாம். என் பெரிய சென்சாரும் நானும் அசடு வழிய நின்றோம். வாழ்க்கையில் மதுரைக்காரி அவ்வளவு அழகாகச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அரைமணி காத்திருந்தால் நாகர்கோவில்காரி மனசு மாறிவிடும். ஆனால் அவளே குட்டிக் காமிராவை எடுத்து, எங்கள் இருவரையும் இரண்டு பக்கமும் இழுத்து அணைத்து, அதைப் பிடித்த கையை முன்னால் நீட்டினாள். அதில் திருப்புகிற திரை கிடையாது, எங்களுக்கு எதுவும் தெரியவில்லை. "மேலே தூக்கு, இன்னும் மேலே!" என்று நான் கத்த, "சும்மா கெடட்டி!" என்று அவள் அதட்ட, சர்தார்ஜி தூரத்திலிருந்து "ஸ்மைல்!" என்று குரல் கொடுக்க, அமுக்கிவிட்டாள்.

திருப்பிப் பார்த்தோம். மூன்று கழுத்து. மூன்று தோள்பட்டை. என் முகவாய்க்கட்டையில் கொஞ்சம். தலை என்று ஒன்றுகூட இல்லை.

"இன்னொண்ணு எடுடி" என்றேன், கெஞ்சலாக.

"எதுக்கு? தலையை எண்ணிப் பாரு, மூணு வருதா?" என்றாள். அவள் முகம் பளிச்சென்று ஆகியிருந்தது. "இதுல எந்தத் தோஷமும் கெடையாது. எவளும் பிரிய மாட்டா."

அந்தக் காமிராதான் வேண்டும், படம் இருக்கிற அந்த மெமரி கார்டோடு வேண்டும் என்று மதுரைக்காரி ஒரே பிடியாக நின்றாள். மாதிரிக்கு வைத்தது, புதுசு தருகிறேன் என்று கடைக்காரர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். நடக்குமா? தம்பிக்கு இல்லை, உனக்குத்தான் என்று அங்கேயே நாகர்கோவில்காரி கையில் கொடுத்தோம். படத்தை இரண்டு பிரிண்ட் போட்டுக்கொண்டோம், ஒன்று அவளுக்கு, ஒன்று எங்களுக்கு.

இப்போது ஜெர்மனியிலிருந்து வாரம் ஒரு படம் வருகிறது. பனியில் ஒரு கோட்டு நிற்கும். ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு கோட்டுகள் நிற்கும். எல்லாரும் அங்கே ரொம்ப நல்லவர்கள் என்று எழுதுகிறாள். நல்லவர்களாகத்தான் இருக்க வேண்டும், ஒருவருடைய முகத்தையும் நாங்கள் இன்னும் பார்க்கவில்லை.

எங்கள் பிரிண்டை ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறோம். வருகிறவர்கள் "இவங்க யாரு?" என்று கேட்கிறார்கள். நாங்கதான் என்கிறேன். நம்புவதில்லை. நடுவில் இருப்பவளின் ஒரு கை காமிராவைப் பிடித்திருக்கிறது, அது படத்தில் இல்லை. இன்னொரு கை என் தோளை இறுக்கிப் பிடித்திருக்கிறது. பால் எடுக்க ஃபிரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் அந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் வலிக்கிறது.