ஆள் படுத்திருக்கும் விரிப்பு

சமுதாயக் கல்லூரியில் அவளை எல்லோரும் சலவையக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நாற்பதைத் தாண்டியபிறகு நர்ஸிங் படிக்க வந்தவள். அதற்குமுன் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் அரை ஆயுசைக் கழித்தவள். "இந்த வயசுல படிப்பு ஏறுமா?" என்று நாத்தனார் நீட்டி முழக்கியபோது, "ஏறலைன்னா இறக்கி வச்சிடறேன், உங்களுக்கென்ன?" என்று வாயை அடைத்தவள். எழுத்துப் பரீட்சையில் ஒரு குறையும் வைக்கவில்லை. செய்முறைத் தேர்வில்தான் மாட்டிக்கொண்டாள்.

அந்தக் கல்லூரியில் ஓர் ஏற்பாடு உண்டு. ஒரே தாழ்வாரத்தில் இந்தப் பக்கம் நர்ஸிங், அந்தப் பக்கம் உடற்கல்வி. நர்ஸிங் தேர்வுக்கு உடற்கல்விப் பிள்ளைகள் நோயாளியாக வந்து படுக்க வேண்டும். பதிலுக்கு, போட்டி நாட்களில் நர்ஸிங்காரர்கள் போய் அவர்களுடைய கணுக்காலுக்கும் மணிக்கட்டுக்கும் கட்டுப்போட வேண்டும். யாருக்கு யார் படுப்பது என்பதை அவரவரே பேசி முடித்துக்கொள்ள வேண்டியது.

சலவையக்காவுக்கு வாய்த்த நோயாளி, பளு தூக்கும் பெண் ஒருத்தி. கல்லூரியில் அவளுக்கு இரும்பு என்று பெயர். எழுந்திருக்க முடியாத நோயாளி படுத்திருக்கும்போதே கீழே இருக்கும் விரிப்பை மாற்ற வேண்டும், அதுதான் தேர்வு. அழுக்கு விரிப்பு என்று காட்டுவதற்காக நர்ஸிங் மேடம் அதன் ஓரத்தில் கொஞ்சம் டீயைக் கொட்டி வைத்திருந்தார். கறை சலவையக்காவின் கண்ணில் பட்டது. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்களே, துணி வெளுத்த கை மட்டும் சும்மா இருக்குமா? இரண்டு முனையையும் பிடித்து ஒரே இழு! விரிப்பு கைக்கு வந்தது. கூடவே இரும்பும் வந்து அவள் காலடியில் தொம்மென்று விழுந்தாள்.

தாழ்வாரமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை.

"இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான்மா. அதுவும் போச்சுன்னா உங்க சீட்டும் போயிடும். நாளைக்கு வார்டுல நிஜ நோயாளியை இப்படி இழுத்தா என்ன ஆகும்?"

சலவையக்கா வீட்டுக்கு வந்து, பஸ் ஓட்டும் கணவனிடம் சொல்லி அழுதாள். "இத்தனை வருஷத்துல என் கைக்கு வந்த எந்த விரிப்புலயும் ஆள் இருந்ததே இல்லீங்க."

"அவ்வளவுதானே? ஆள் நான் இருக்கேன், பழகிக்கோ" என்று அவன் கட்டிலில் நீட்டிப் படுத்தான்.

அன்றிலிருந்து தினமும் பயிற்சி. தொடுவதற்கு முன்னால் சொல்ல வேண்டும் என்பது பாடம். "ஏங்க, உங்களை வலப்பக்கம் திருப்பப் போறேன்."

"அடடா! கல்யாணமான நாள்லேர்ந்து போர்வையை உருவித்தான் என்னை எழுப்பினா. இன்னைக்கு உத்தரவு கேக்கறா. அந்த மேடம் நல்லா இருக்கணும்!"

கட்டில் பழகிவிட்டது. ஆனால் மறுதேர்வுக்கு நோயாளி கிடைக்கவில்லை. உடற்பயிற்சிக் கூடத்தில் சலவையக்காவின் தலை தெரிந்தாலே, "ஐயோ அக்கா, எனக்கு மேட்ச் இருக்கு" என்று ஆளுக்கொரு மூலைக்கு ஓடினார்கள். அவள் கையால் கட்டுப்போட்டுக்கொண்ட கால்களும் சேர்ந்துதான் ஓடின. நோயாளி இல்லையென்றால் தேர்வு இல்லை, தேர்வு இல்லையென்றால் மறுபடியும் சலவைக்கூடம்தான்.

கடைசியில் இரும்பே தேடிக்கொண்டு வந்தாள். "என்னக்கா, ஊரையெல்லாம் கேட்டீங்களாம். என்னை மட்டும் ஏன் கேக்கல?"

"உன்னைக் கேக்க எனக்கு மூஞ்சி ஏது கண்ணு?"

"எங்களுக்கு முதல்ல சொல்லித் தர்றதே எப்படி விழணும்னுதான். அதனால பயமில்ல. ஆனா போட்டி வருதுக்கா. தோள்ல அடிபட்டா அவ்வளவுதான் நான். அதை மட்டும் பாத்துக்குங்க."

தேர்வு நாளில் இரும்பு பயிற்சியிலிருந்து நேராக ஓடிவந்தாள். பளு வழுக்காமல் இருக்க உள்ளங்கையில் பூசிய வெள்ளைப் பொடியைக்கூடக் கழுவவில்லை. பச்சை விரிப்பில் பலகைபோல விறைத்துப் படுத்து, இரண்டு கையாலும் கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். பயமில்லை என்றது வாய்தான், உடம்பு நம்பவில்லை. சலவையக்காவுக்கு அதைப் பார்க்க அவமானமாக இருந்தது.

மேடம் கண்கொத்திப் பாம்பாக நின்றார். விரிப்பின் ஓரத்தில் வெள்ளைப் பொடி அப்பியிருந்தது. பாழாய்ப்போன கை தானாக அந்த முனைக்குப் போனது. பிடித்தும்விட்டது. இரும்பு கண்ணை மூடிக்கொண்டாள்.

சலவையக்கா முனையை விட்டாள். கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டு குனிந்தாள். "கண்ணு, உன் தோள்லயும் இடுப்புலயும் கை வைக்கப் போறேன். அப்புறம் அந்தப் பக்கமா மெதுவாத் திரும்பலாம். சரியா?"

"ம்."

திருப்பினாள். அழுக்கு விரிப்பை முதுகுவரை சுருட்டி, புதியதைப் பாதிக் கட்டிலுக்கு விரித்தாள். "இப்ப இந்தப் பக்கம் உருளணும். சுருட்டின விரிப்பு முதுகுல மேடாத் தட்டும், பயப்படாதே."

"ம்ம்."

பழையதை உருவி எடுத்து, புதியதை இழுத்துச் செருகினாள். "தலையணை மாத்தப் போறேன் கண்ணு."

பதில் இல்லை.

"கண்ணு?"

சலவையக்காவுக்குப் பகீரென்றது. மேடமும் பதறிக் கிட்டே வந்தார். இரும்பு வாயைத் திறந்துகொண்டு நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். சட்டத்தைப் பிடித்திருந்த கைகள் எப்போது விட்டனவோ, இரண்டும் தளர்ந்து கிடந்தன.

மேடம் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றார். "பாஸ்மா, பாஸ். சீக்கிரம் எழுப்புங்க, அடுத்த ஆளுக்குக் கட்டில் வேணும்."

சலவையக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "கொஞ்ச நேரம் மேடம். பாவம், விடியறதுக்கு முன்னாடியே பயிற்சிக்கு வந்த பொண்ணு."

"இது என்ன லாட்ஜா?" என்று சொல்லிக்கொண்டே மேடம் பக்கத்துக் கட்டிலுக்குப் போனார்.

புத்தம்புதுப் பச்சை விரிப்பில் இரும்பின் பத்து விரலும் வெள்ளையாய்ப் பதிந்திருந்தன. சலவையக்கா அதைப் பார்த்தாள். கை அரிக்கத்தான் செய்தது. தூங்கட்டும் என்று விட்டுவிட்டாள்.