பிள்ளையார் சுழிக்கு மூன்று நிமிடம்

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் கடைசி மூன்று மாதம் போகவில்லை. ஆனால் கம்ப்யூட்டர் புரோகிராமில் ‘எக்செப்ஷன்’ என்றால் என்ன, அது எந்த இடத்தில் நேரத்தைத் தின்னும் என்று என்னிடம் கேளுங்கள், சொல்கிறேன். இன்ஜினீயரிங் முடித்த பிள்ளைகள் என் முன்னால் உட்கார்ந்து முழித்திருக்கிறார்கள். எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தது எந்தக் கல்லூரியும் இல்லை. அரியலூரில் எனக்குச் சொந்தமாக இருந்த எடைமேடைதான்.

சின்ன வயதில் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கல் உடைத்தவன் நான். அதே கல்லை ஏற்றிப்போகும் லாரிகள் என் மேடையில் ஏறி, எடை பார்த்து, என் சீட்டை வாங்கிக்கொண்டுதான் சிமெண்ட் ஆலைக்குள் நுழைய வேண்டும் என்கிற நிலைக்கு வந்தேன். யார் தயவும் இல்லை. சீட்டைக் கையால் எழுதிய காலத்தில் ஒவ்வொரு சீட்டின் தலையிலும் பிள்ளையார் சுழி போட்டுத்தான் எழுதுவேன். சுழி போடாத சீட்டு ஒன்றுகூட என் மேடையிலிருந்து போனதில்லை.

அரியலூரைத் தனி மாவட்டமாக்கி, கொஞ்ச நாளிலேயே திரும்பவும் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்களே, அந்தச் சமயத்தில் கம்ப்யூட்டர் வாங்கினேன். அந்த ரோட்டில் கம்ப்யூட்டர் வைத்த முதல் எடைமேடை என்னுடையது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த ஒருவர் புரோகிராம் எழுதிக் கொடுத்தார். நாற்பது வயதிருக்கும், நல்ல மனிதர், பேச்சு மட்டும் வாய்க்குள்ளேயே நிற்கும். லாரி நம்பரை அடித்தால் போதும். அந்த லாரியின் வெறும் எடையைப் பழைய பதிவுகளிலிருந்து தேடி எடுத்து, இப்போதைய எடையில் கழித்து, சீட்டைத் துப்பிவிடும்.

முதல் வாரம் பறந்தது. பதிவுகள் சேரச் சேர நொண்டத் தொடங்கியது. ஆறு மாதத்தில் ஒரு சீட்டுக்கு மூன்று நிமிடம் என்றானது. லாரிகள் ரயில்வே கேட் வரைக்கும் வரிசை கட்டி நின்றன.

சுண்ணாம்புத் தூசிதான் காரணம் என்று கம்ப்யூட்டருக்கு என் பட்டு வேட்டியைப் போர்த்தினேன். சூடேறி அணைந்துபோனது. தெற்குப் பார்த்து இருப்பதால்தான் என்று கிழக்கே திருப்பி வைத்தேன். அன்றைக்கு நாலு நிமிடம் எடுத்தது. மறுபடி தெற்கே திருப்பினேன். மூன்றுக்கு வந்தது. அதையே முன்னேற்றம் என்று எல்லோரிடமும் சொன்னேன்.

ஒரு புதன்கிழமை லாரி ஓனர்கள் சங்கத் தலைவர் வந்தார். என் வயதுக்காரர்தான்.

“யோவ், என்னய்யா நடத்துற? எடைமேடையா, ஆஸ்பத்திரியா? ஒரு சீட்டுக்கு இம்புட்டு நேரம் காத்துக் கெடக்கணுமா?”

“கம்ப்யூட்டர் யோசிச்சு கணக்குப் போடுதுய்யா.”

“அது யோசிச்சு முடிக்கறதுக்குள்ள என் டயர் மண்ணுல எறங்கிடுது. வெள்ளிக்கிழம வரைக்கும் பாப்போம். வரிச கொறையலன்னா, சனிக்கிழமையிலேருந்து எங்க லாரி அத்தனையும் தெக்கால இருக்கற மேடைக்குப் போயிடும். சொல்லிட்டேன்.”

சங்கத்து லாரி வராவிட்டால் என் மேடையில் ஆடுதான் ஏறி நிற்கும். பெரம்பலூருக்கு உடனே போன் போட்டேன். வியாழன் காலை முதல் பஸ்ஸில் புரோகிராம்காரர் வந்து இறங்கினார்.

அவர் உட்கார்ந்து ஒரு லாரி நம்பரை அடித்தார். கண்ணை மூடித் திறப்பதற்குள் சீட்டு வந்து விழுந்தது. இன்னொன்று அடித்தார். அதுவும் விழுந்தது.

“மெஷின்ல ஒன்னும் இல்லீங்க ஐயா” என்றார்.

எங்களிடம் சீட்டுப் போட்டவர் கல்லங்குறிச்சியிலிருந்து வரும் ஒரு அம்மாள். என்னை அண்ணே என்பார். அவர் உட்கார்ந்து அதே நம்பரை அடித்தார். மூன்று நிமிடம். மறுபடி புரோகிராம்காரர் அடித்தார். உடனே விழுந்தது. மறுபடி அந்த அம்மாள். மூன்று நிமிடம்.

ஜன்னலில் சீட்டுக்கு நின்ற டிரைவர் உள்ளே தலையை நீட்டினான். “மாவட்டத்தத்தான் திருப்பி பெரம்பலூரோட சேத்தாங்கன்னு பாத்தா, கம்ப்யூட்டரும் பெரம்பலூர்காரர் சொன்னாதான் கேக்குமா?”

“மெஷின்ல கோளாறு இல்லன்னா கையிலதான்” என்றேன் நான்.

அந்த அம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. “என்னண்ணே, என் கை ராசிகெட்ட கையா? இந்தக் கையாலதான் ஒங்க பொண்ணு கல்யாணத்துக்கு மஞ்ச இடிச்சேன். அது ரெண்டு புள்ள பெத்து நல்லாத்தான இருக்கு?”

“கோவிச்சுக்காத. கைய மட்டும் ஒருக்கா சோப்பு போட்டுக் கழுவிட்டு வா.”

கழுவிக்கொண்டு வந்தார். மூன்று நிமிடம். கண்ணாடியில்தான் குறையோ என்று அவருடைய மூக்குக்கண்ணாடியைப் புரோகிராம்காரருக்கு மாட்டிவிட்டு அடிக்கச் சொன்னேன். அவருக்கு எழுத்தே தெரியவில்லை, தடவித் தடவி அடித்தார். சீட்டு உடனே விழுந்தது. கடைசியில் நானே உட்கார்ந்தேன். ஒற்றை விரலால், இந்த மேடையைக் கட்டிய விரலால் அடித்தேன். மூன்று நிமிடம்.

“ஒங்க கையும் ராசிகெட்டதுதான்” என்றார் அந்த அம்மாள், திருப்தியாக.

புரோகிராம்காரர் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, அந்த அம்மாளை இன்னொரு முறை மெதுவாக அடிக்கச் சொன்னார். விரலுக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துப் பார்த்தார்.

“அக்கா, மொதல்ல என்ன அடிச்சீங்க?”

“ரெண்டு.”

“லாரி நம்பர் எழுத்துலல்ல ஆரம்பிக்கும்? எதுக்கு ரெண்டு?”

“அது ரெண்டு இல்ல தம்பி. பிள்ளையார் சுழி.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சொன்னேன்: “இங்கிலீஷ் பொட்டியில ‘உ’ இல்ல. ரெண்டுதான் பாக்க அதே மாதிரி இருக்கு. நாந்தான் அடிக்கச் சொன்னேன். சீட்டுல வராட்டியும் பரவால்ல, உள்ள போனா போதும். ஏன், தப்பா?”

அவர் நாற்காலியில் சாய்ந்து மின்விசிறியைப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார். அன்றைக்குத்தான் அவர் அதிகம் பேசி நான் கேட்டது.

“இது சி பிளஸ் பிளஸ்ங்க. எழுதினத மொத்தமா முன்னாடியே மெஷின் பாஷைக்கு மாத்தி வச்சுக்கறது. நம்பர் எழுத்துல ஆரம்பிக்கலன்னா எக்செப்ஷன், அதாவது விதிவிலக்குன்னு ஒன்ன தூக்கிப் போடச் சொல்லியிருக்கேன். மேல ஒரு எடத்துல அதப் புடிச்சு, மொத எழுத்த உருவிட்டு வேலைய நடத்தும். தப்பே வராத வரைக்கும் இதுக்கு ஒரு செலவும் இல்லீங்க, அப்படித்தான் அதக் கட்டியிருக்காங்க. வந்துட்டா மட்டும்தான் செலவு. அது பெருஞ்செலவு. வருஷத்துக்கு ஒரு வாட்டி யாராவது வெரல் தவறி அடிப்பாங்கன்னு நெனச்சேன்...”

“எங்களுக்கு வெரல் தவறாது” என்றேன்.

“அதுதாங்க பிரச்சன. ஒவ்வொரு பழைய பதிவோடயும் ஒப்பிடறப்ப, நீங்க அடிச்ச நம்பர அந்த ரெண்டோடயே எடுத்து, சரியான்னு திரும்பத் திரும்பப் பாக்குது. அந்த சோதனைய உள்ள வச்சது என் தப்புதான். எத்தன ஆயிரம் பதிவோ, அத்தன ஆயிரம் விதிவிலக்கு. ஒரே சீட்டுக்கு.”

“ஒரு விதிவிலக்குக்கு அப்படி என்ன செலவு?”

அங்கேதான் அவர் தடுமாறினார். பட்டியல் என்றார், அடுக்கு என்றார், ஒவ்வொரு அடுக்கிலும் தேட வேண்டும் என்றார். பேப்பரில் கட்டம் கட்டமாகப் போட்டார். எனக்கோ பாதியிலேயே விளங்கிவிட்டது. நான் சுரங்கத்தில் இருந்தவன் இல்லையா?

“நிறுத்துங்க. சுரங்கம் ஏழு படியா வெட்டியிருக்கு. அடியில எல்லாரும் வேல பாக்கறாங்க. வெடிச் சங்கு ஊதாத வரைக்கும் சங்கால ஒரு நஷ்டமும் இல்ல. ஊதிட்டா, கையில இருக்கறத போட்டுட்டு ஒரு படி ஏறணும். அங்க யாரு பொறுப்புன்னு பட்டியலப் பாக்கணும். அவரு இல்லன்னா, அந்தப் படியில கெடக்கற சாமான அள்ளி வச்சுட்டு அடுத்த படி. மேல பொறுப்பானவரு கெடைக்கற வரைக்கும் இதேதான். அப்பறம் எல்லாரும் திரும்ப அடியில எறங்கி, மொதல்லேருந்து வேல. சரியா?”

“அதேதாங்க ஐயா” என்றார். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. “நீங்க பிள்ளையார் சுழி போட்ட ஒவ்வொரு லாரிக்கும், பழைய பதிவு ஒவ்வொன்னுக்கும், சங்கு ஊதிக்கிட்டே இருந்திருக்குங்க.”

“அப்ப விடை சுலபம்” என்றார் அந்த அம்மாள். “ரெண்ட அடிக்காம வுட்டுடலாம்.”

“மாட்டேன்” என்றேன்.

“அண்ணே, நாளைக்கு வெள்ளி.”

“பிள்ளையாரக் கேக்காம இந்த மேடையில ஒரு எடையும் ஏறினதில்ல. லாரி போனா போவட்டும்.”

சொல்லிவிட்டேனே தவிர, அன்று மதியம் சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வெளியே பார்த்தால் லாரி வரிசை. அத்தனையும் சனிக்கிழமை தெற்கு மேடையில் நிற்கப் போகிறது. அதற்காக ஒரு சுழியை விட்டுவிடலாமா என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம், நினைத்தேன். அதை யாரிடமும் இதுவரை சொன்னதில்லை.

பிறகு எழுந்து போய்ப் புரோகிராம்காரரிடம் கேட்டேன். “சுழிய எதுக்கு தப்புன்னு சொல்லி சங்கு ஊதணும்? அது தெனமும் வர்றது. வாசல்லயே ஒருத்தர் நின்னு, ‘ரெண்டு கொண்டாந்திருக்கீங்களா, குடுங்க’ன்னு மரியாதையா வாங்கி வச்சுக்கிட்டு, மிச்சத்த உள்ள அனுப்பக் கூடாதா? ஒரே தடவ?”

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “செய்யலாங்க. சாதாரணமா ஒரு கேள்வி, அவ்வளவுதான். சங்கு வேணாம்.”

தானும் அதையேதான் சொல்ல வந்ததாக அவர் பிற்பாடு சிலரிடம் சொன்னாராம். சொல்ல வந்தவர் முதலிலேயே சொல்லியிருக்கலாமே?

அன்று இரவு அவர் எங்கள் வீட்டில் தங்கினார். வெள்ளிக்கிழமை காலை இரண்டு வரி எழுதினார், நாலு வரி அழித்தார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்தார்.

“என்ன சும்மா ஒக்காந்துட்டீங்க?”

“கம்பைல் ஆகுதுங்க. மெஷின் பாஷைக்கு மாறுது.”

வெளியே ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. பதினோரு மணிக்குச் சங்கத் தலைவர் வந்து, வாட்ச்சைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவருடைய லாரியே மேடையில் ஏறியது.

அந்த அம்மாள் முதலில் இரண்டை அடித்தார். எல்லோருக்கும் தெரியும்படி, அழுத்தி அடித்தார். பிறகு நம்பர். விரலை எடுப்பதற்குள் சீட்டு வந்துவிட்டது. தலைவர் வாட்ச்சைக் காதில் வைத்துப் பார்த்தார், ஓடுகிறதா என்று. அடுத்த லாரி, அதற்கடுத்த லாரி. ஒரு மணிக்குள் ரயில்வே கேட் வரை ரோடு காலி.

சனிக்கிழமை சங்கத்து லாரிகள் அத்தனையும் என் மேடைக்குத்தான் வந்தன. தெற்கு மேடைக்காரர் ரோட்டில் நின்று எண்ணிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். மதியம் தலைவரும் வந்தார். நன்றி சொல்லத்தான் வருகிறார் என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டேன்.

“யோவ், ஒரு நாயம் வேணாமா?” என்றார். “முன்னெல்லாம் வரிசையில நிக்கறப்ப டிரைவருங்க சோறு தின்னுட்டு, ஒரு தூக்கமும் போட்டுட்டு வருவானுங்க. இப்ப எறங்கறதுக்குள்ள போ போங்கற. என் டிரைவரு பட்டினியா வண்டி ஓட்டறான்.”

நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினேன். உள்ளே போய், தலைவருடைய லாரிகள் வந்தால் மட்டும் ஒவ்வொரு எழுத்தாக, நிறுத்தி நிதானமாக அடிக்கும்படி அந்த அம்மாளிடம் சொல்லிவிட்டு வந்தேன்.