வருத்தக்காரி போடும் தேத்தண்ணி

ஓம், அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். ஓய்வில்தான் இல்லை.

போன வருடம் அப்பாவுக்கு மாரடைப்பு. பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அம்மா தேநீர் போட்டார். இப்போது மாரடைப்பு அம்மாவுக்கு. தேநீர் போடுவதும் அம்மாதான்.

"இந்த வயதில் பெண்கள் தேறுவது ஆண்களைவிடக் கடினம், வேலை செய்ய விடாதீர்கள்" என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்பினார்கள்.

இன்று பார்க்க வந்த, மோர்டனில் இருக்கும் மாமி சோபாவில் சாய்ந்தபடி, "எனக்குச் சீனி குறைய, அக்கா" என்றார்.

"அம்மா, இருங்கோ. நான் போடுறன்."

"வந்த சனத்துக்கு முன்னால என்னை நோயாளி, வருத்தக்காரி ஆக்காதை, பிள்ளை." சுவரைப் பிடித்து எழுந்தார்.

"எனக்கும் ஒண்டு" என்றார் அப்பா.

மாமிக்கு முன்னால் கத்தவும் முடியவில்லை. பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை.

நாளை வருகிறவர்கள் இந்தப் பதிவின் கீழே சொல்லுங்கள். உங்கள் தேநீரோடு, பிளாஸ்கோடு வாருங்கள்.

தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தலை என் அறையில் வைத்துப் பூட்டிவிட்டேன்.