ஒருவருக்கு வைக்காத சோறு

எங்கள் ஊர் பால்மாரில் எந்தச் சாப்பாட்டுக் கடையிலும் ஒரு ஆளுக்கு மட்டும் முயல்கறி போட்ட பயேயாச் சோறு வைக்கமாட்டார்கள். அகலச் சட்டியில் சோறு மெல்லிசாகப் பரவி வேகவேண்டும். ஒரு கைப்பிடி அரிசிக்காக ஆரஞ்சு மர விறகை யார் எரிப்பது? குறைந்தது இரண்டு பேர் வரட்டும் என்பேன். கடை என்னுடையது, அடுப்பும் என்னுடையது.

செவெரினோ அண்ணன் எங்கள் ஏரியில் விலாங்கு மீன் பிடித்து ஓய்ந்தவர். ஞாயிறு மதியம் மனைவி எல்வீராவோடு வந்து ஜன்னலோரம் உட்காருவார். இருவரும் சட்டியிலிருந்தே மரக்கரண்டியால் சாப்பிடுவார்கள், அவரவர் பக்கம் அவரவருக்கு. போன குளிர்காலத்தில் எல்வீரா இறந்துபோனாள். கொஞ்ச நாள் அவர் தலைகாட்டவில்லை. பிறகு ஒரு ஞாயிறு தனியாக வந்து நின்றார்.

"ஒரு ஆளுக்கு வைப்பியா, ரெமேய்?"

"தெரியாத மாதிரி கேக்கிறீங்களேண்ணே. கோழி வறுத்துத் தரட்டா?"

"அப்போ ரெண்டு பேருக்கே வை."

வைத்தேன். தன் பாதியைச் சாப்பிட்டுவிட்டுக் கரண்டியை வைத்துவிட்டார். மறுபாதி அப்படியே கிடந்தது. கட்டித் தருகிறேன் என்றால் வேண்டாமாம். வாராவாரம் இதே கதை. நல்ல சோறு குப்பைக்குப் போனால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"அந்த முயல் ஈரலையாவது எடுத்துத் தின்னுங்களேன்! உங்களுக்கு ஈரல்னா உசிராச்சே. யாரு கேக்கப்போறா?"

"அது அவ பக்கம் இருக்கு. பிடிக்காதும்பா, நடுவுல தள்ளிவிடுவா. அப்புறந்தான் நான் எடுப்பேன்." சட்டியைப் பார்த்தார். "இன்னும் தள்ளலையே."

அவருக்குப் புத்தி பிசகவில்லை. அவள் இல்லை என்பது நன்றாகவே தெரியும். ஞாயிற்றுக்கிழமைச் சோறும் தனியாள் சோறாகிவிட்டால் அவளோடு உட்கார வேறு இடமில்லை, அவ்வளவுதான். அன்று அடுப்படியில் நின்று அழுதேன்.

அடுத்த ஞாயிறு நானே ஈரலைச் சட்டியின் நடுவில் வைத்துக் கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றேன். அவர் வெகுநேரம் அதையே பார்த்தார். கரண்டி நீண்டது. அப்பாடா, எடுக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ அதை மெல்ல எல்வீராவின் பக்கம் தள்ளினார்.

"சின்ன வயசுல ஈரலுக்காக உன் தங்கச்சிகூட சண்டை போடுவியாமே. துக்கத்துக்கு வந்தப்ப அவதான் சொன்னா," என்றார் எதிர் நாற்காலியிடம். "எங்கிட்ட மட்டும் பிடிக்காதுன்னே. இன்னைக்கு நீ சாப்பிடு."