நான்காம் நாள் ஓட்டம்

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை மாலை. உக்கடம் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில், குளியலறைக் கதவை லேசாகத் திறந்து கயல்விழி கூப்பிட்டாள்.

"அம்மா, இங்க வா. சத்தம் போடாத."

உள்ளே போன சின்னாத்தாள் ஒரே பார்வையில் புரிந்துகொண்டாள். மகள் பெரிய மனுஷி ஆகிவிட்டாள். பெற்றவளுக்கு மனம் குளிர வேண்டிய நேரம். ஆனால் சின்னாத்தாள் மனதுக்குள் நாளை எண்ணினாள். விடிந்தால் திங்கள். புதன்கிழமை காலை விளையாட்டு விடுதிக்கான தேர்வு. அறுநூறு மீட்டர் ஓட்டம். பதின்மூன்று வயது நடக்கிற கயலுக்கு இந்த வருஷம் விட்டால் விடுதி இல்லை. விடுதி இல்லாவிட்டால் பள்ளிக்கூட மைதானத்தோடு அவள் ஓட்டமும் முடிந்துவிடும்.

அவர்கள் சனத்தில் பெண் வயதுக்கு வந்தால் முதல் சேதி தாய்மாமனுக்குத்தான் போக வேண்டும். அவன் பச்சைத் தென்னோலை வெட்டிக்கொண்டு வந்து குச்சு கட்டுவான். பதினாறாம் நாள் தெரட்டிச் சீர் நடக்கும் வரை பெண் அந்த ஓலைக் குடிசைக்குள் இருப்பாள். வெயில் படக்கூடாது. ஆண்கள் கண்ணில் படக்கூடாது. இதில் மைதானம் எங்கே, ஓட்டம் எங்கே?

"அம்மா, மாமாகிட்ட சொல்லிருவியா?" என்று கேட்டாள் கயல். அவள் கண்கள் நிரம்பியிருந்தன.

 சின்னாத்தாள் சேலைத் தலைப்பால் மகளின் முகத்தைத் துடைத்தாள்.

தாராபுரத்துக்குப் பக்கத்தில், அமராவதிப் பாசன வயல்களில் கூலி வேலை செய்த குடும்பம் அவளுடையது. பள்ளியில் அவளும் ஓடினாள். காலில் செருப்பில்லாமல், மண் தரையில், தன்னைவிடப் பெரிய பெண்களை முந்தினாள். பதினான்கு வயதில் மண்டலப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்த வாரம் வயதுக்கு வந்தாள். குச்சுக்குள் உட்கார்ந்து, போட்டிக்குப் போன பிள்ளைகள் வேனில் பாட்டுப் பாடிக்கொண்டு திரும்புவதைக் காதால் கேட்டாள். அதற்குப் பிறகு பள்ளிக்கே அனுப்பவில்லை. அந்தக் குச்சுக்கு ஓலை வெட்டியது அவளுடைய அண்ணன் கண்ணையா.

அந்த அண்ணன்தான் பிற்பாடு அவளுக்கு எல்லாமும் ஆனான். வேலுமணியைக் கட்டிக்கொண்டு அவள் கோயமுத்தூர் வந்தாள். கயலுக்கு ஆறு வயதாகும்போது, மூட்டை ஏற்றுகையில் லாரியிலிருந்து விழுந்து வேலுமணி இறந்துபோனான். அன்றைக்கு நெல் அறுக்கும் மெஷினை வயலிலேயே நிறுத்திவிட்டு ஓடி வந்தவன் கண்ணையா. "அம்மணி, நான் இருக்கற வரைக்கும் நீ தனி இல்ல" என்றான். சொன்னபடியே நடந்தான். மாதம் தவறாமல் அரிசியோடு வருவான். மோட்டார் கம்பெனியில் செம்புக்கம்பிக் காயில் சுற்றும் வேலைக்கு அவளைச் சேர்த்துவிட்டவன் அவன். மருமகளுக்கு ஓடுகிற ஷூ வாங்கித் தந்தவனும் அவன்தான்.

அப்படிப்பட்ட அண்ணனிடம் மறைப்பதா? அந்த இரவெல்லாம் அவள் மனம் அங்கும் இங்கும் அலைந்தது. ஆனால் அண்ணன் முகத்தை நினைத்தாலே, கையில் அரிவாளோடு தென்னை மரத்திலிருந்து இறங்கி வந்த பதினேழு வயதுக் கண்ணையாதான் தெரிந்தான். சொன்னால் ஓலையோடு வந்துவிடுவான். வந்தால் கயல் ஓட முடியாது.

காலையில் எதிர்வீட்டு சபுராவிடம் மட்டும் சொன்னாள். வீட்டிலேயே துணி தைப்பவள் சபுரா.

"நாப்கின் எங்கிட்ட இருக்கு, கடைக்குப் போகாதீங்க. கடைக்காரன் வாய் கவர்மெண்ட் ரேடியோ" என்றாள் சபுரா. "புள்ள ஓடட்டும் அக்கா. என் வாயிலருந்து ஒரு சொல்லு வராது."

புதன்கிழமை. நான்காம் நாள். உடற்பயிற்சி ஆசிரியை மெர்சி டீச்சரிடம் மைதானத்தில்தான் விஷயத்தைச் சொன்னார்கள். டீச்சர் கயலைத் தனியே அழைத்துப் போய், "வலிக்குதா கண்ணு?" என்றார். "வலிக்குதுங்க டீச்சர். ஆனா ஓடிருவேன்" என்றாள் அவள்.

ஓடினாள். முதல் சுற்றில் நான்காவதாக வந்துகொண்டிருந்தவள், கடைசி வளைவில் இரண்டு பேரைத் தாண்டி இரண்டாவதாக முடித்தாள். தேர்வுப் பட்டியலில் அவள் பெயரைப் படித்தபோது, வேலியைப் பிடித்துக்கொண்டு நின்ற சின்னாத்தாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுதது மகளுக்காகவா, தனக்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை.

வியாழக்கிழமை விடிந்ததும் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, கயலு வயசுக்கு வந்துட்டாளுங்க. இன்னிக்குக் காலைல."

 அந்தப் பக்கம் கண்ணையா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "என் சாமி" என்றான். "வாரேன் அம்மணி. இப்பவே வாரேன்."

மத்தியானம் டெம்போவில் வந்து இறங்கினான். ஓலை வாடிவிடக்கூடாது என்று வழியெல்லாம் ஈரச்சாக்கு போட்டு மூடி எடுத்து வந்திருந்தான். மூன்று மாடிக்கும் ஒற்றை ஆளாகத் தோளில் சுமந்தான். வீட்டு வாசல் வராந்தாவில் குச்சு கட்டி, மருமகளை உள்ளே உட்கார வைத்து, வெளியே நின்று கும்பிட்டான்.

"எத்தன மணிக்கு அம்மணி? சோசியர்கிட்டக் குறிச்சுக் குடுக்கோணும்."

சின்னாத்தாள் சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஆறே காலுங்க" என்றாள். அந்தப் பொய்யான நேரத்தை அவன் அட்டையில் எழுதிச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டான். அதை வைத்து எழுதிய ஜாதகத்தை ஆனைமலை மாசாணியம்மன் பாதத்தில் வைத்து வாங்கிவந்தான். பதினாறாம் நாள் ஊரே பார்க்கச் சீர் செய்தான். பட்டுச்சேலை கட்டி நின்ற கயலுக்கு மாலை போடும்போது அவன் கை நடுங்கியதைப் பார்த்து, அவன் மனைவி அம்புஜம், "மெஷின் ஓட்டற கைக்கு மாலை கனமாப் போச்சாட்டம் இருக்குது" என்று கேலி செய்தாள். எல்லோரும் சிரித்தார்கள். சின்னாத்தாளும் சிரித்தாள். எப்படியாவது ஒருநாள் அண்ணனிடம் சொல்லிவிட வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தாள். அந்த ஒருநாள் வரவேயில்லை.

இரண்டு வருஷம் ஓடியது. கயல் வெளியூர் விடுதியில் படித்தாள். மாநிலப் போட்டியில் எண்ணூறு மீட்டரில் தங்கம் வாங்கினாள். யூடியூப் சேனல் ஒன்றிலிருந்து வந்து பேட்டி எடுத்தார்கள். "உங்க வளர்ச்சிக்கு யார் காரணம்?" என்ற கேள்விக்குப் பதினைந்து வயதுப் பெண் மனதில் இருந்ததை அப்படியே சொன்னாள்.

"எங்கம்மாங்க. நான் வயசுக்கு வந்த நாலாவது நாள் செலக்சன். எங்கம்மா யாருக்கும் சொல்லாம மறைச்சு என்னை ஓட வெச்சாங்க. எங்க மாமாவுக்குக்கூட அடுத்த நாள்தான் சொன்னாங்க. பசங்க மீசை மொளைச்சா யாரும் ஊட்டுக்குள்ள உக்கார வெக்கறதில்லையே. எங்களை மட்டும் எதுக்குங்க உக்கார வெக்கணும்? பொண்ணுங்களப் பெத்த அம்மாக்கள் எல்லாரும் எங்கம்மா மாதிரி இருக்கணுமுங்க."

மூன்றே நாளில் அந்தப் பேச்சு எல்லோர் கையிலும் இருந்தது. கம்பெனியில் உடன் வேலை செய்யும் பெண்கள் சின்னாத்தாளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். "போன வருசம் நின்னுபோன ஏழு புள்ளைங்க மறுபடி கிரவுண்டுக்கு வந்திருக்காங்க" என்று மெர்சி டீச்சர் போன் செய்தார். யாரோ ஒரு தாய் நம்பர் தேடிப் பிடித்துக் கூப்பிட்டு, "நாளைக்கு எம்பொண்ணுக்குக் கபடி இருக்குதுங்க, முந்தாநேத்துதான் உக்காந்தா, அனுப்பட்டுங்களா?" என்று கேட்டாள். "அனுப்புங்க அம்மணி" என்று சொல்லிவிட்டு, உடனே, "உங்க அண்ணன் தம்பிகிட்டச் சொல்லிப்போட்டு அனுப்புங்க" என்றாள் சின்னாத்தாள்.

ஏனென்றால் நான்கு நாளாக அண்ணன் போனை எடுக்கவில்லை.

நடந்ததை அம்புஜம்தான் சொன்னாள். டீக்கடையில் யாரோ அந்தப் பேட்டியைச் சத்தமாகப் போட்டிருக்கிறார்கள். முழுசாகக் கேட்டுவிட்டு ஒருவர், "ஏனுங்க மாப்ள, ஓலையெல்லாம் ஈரச்சாக்குல சுத்திக்கிட்டுப் போனீங்களே, குச்சுக்குள்ள புள்ள இருந்துச்சா, பொய் இருந்துச்சா?" என்றிருக்கிறார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கண்ணையா டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்து போனான். அதிலிருந்து வீட்டில் யாரோடும் பேச்சில்லை.

விஷயம் தெரிந்து கயல் விடுதியிலிருந்து அழுதாள். "நான் சொன்னதுதாம்மா தப்பு. அந்த வீடியோவ எடுக்கச் சொல்லிர்றேன்."

"வேண்டாம் கண்ணு. நீ சொன்னது நெசம். பொய் சொன்னது நான்தானே. நானே போய்ப் பாத்துக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனாள். கண்ணையா வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். தங்கையைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"வாங்க" என்றான். "உக்காருங்க. அம்புஜம், இவங்களுக்குத் தண்ணி கொண்டா."

கொங்கு நாட்டில் குழந்தையைக்கூட 'வாங்க' என்பார்கள். ஆனால் கண்ணையா இத்தனை வருஷமாகத் தங்கையை 'வா அம்மணி' என்றுதான் அழைத்திருக்கிறான். அவன் அடித்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

"அண்ணா, என்னையப் போயி வாங்க போங்கன்னு சொல்றீங்களே. நாலு வார்த்தை திட்டிப்போடுங்க."

"திட்டறதுக்கு நான் யாருங்க?"

"தீட்டோட ஓட வெச்சது தப்புன்னா, அந்தப் பாவம் என் தலையோட போகட்டுமுங்க."

அப்போதுதான் கண்ணையாவின் குரல் உடைந்தது.

"தீட்டுக்காகக் கோவிச்சுக்கிட்டேன்னா நெனைக்கறீங்க? அந்தப் புள்ளைக்கு ஷூ வாங்கித் தந்தவன் நான். அவ ஓடறதப் பாத்து உங்களவிட ஜாஸ்தி சந்தோசப்பட்டவன் நான். எனக்கு ஒரு போன் பண்ணியிருந்தா, நானே வண்டி வெச்சுக் கூட்டிட்டுப் போயி, ஓடி முடிச்ச கையோட குச்சுக் கட்டியிருப்பேன். யாருக்கும் சொல்லாதீங்கன்னா சொல்லியிருக்க மாட்டேன். ஊருக்குத்தான் மறைச்சீங்க, சரி. என்னையும் ஊரோட சேத்திப்போட்டீங்களே."

சின்னாத்தாள் மெல்லச் சொன்னாள். "அன்னிக்கு எனக்கு நீங்கதானுங்க ஓலை வெட்டுனீங்க."

கண்ணையா தன் உள்ளங்கைகளைப் பார்த்தான்.

"பதினேழு வயசு எனக்கு. அப்பன் அருவாளக் கையில குடுத்து வெட்டுடான்னாரு. மரத்து மேல உக்காந்து அழுதுக்கிட்டே வெட்டுனேன். அது உங்களுக்குத் தெரியாது. இருபத்தஞ்சு வருசம் மனசுல வெச்சிருந்து அதுக்குத் தண்டனை குடுத்துப்போட்டீங்க. நல்லா இருங்க. புள்ள நல்லா ஓடட்டும். இனி இங்க வர வேண்டாமுங்க."

உள்ளே போய்விட்டான். அம்புஜம் கொண்டுவந்த தண்ணீர்ச் செம்பு சின்னாத்தாளின் கையிலேயே இருந்தது. திரும்பும் பஸ்ஸில் அவளுக்கு ஒரே கேள்வி. அன்றைக்கே சொல்லியிருந்தால் அண்ணன் உண்மையிலேயே கூட்டிப் போயிருப்பானா? அல்லது இன்றைக்கு, எல்லாம் நடந்து முடிந்த பிறகு, தான் அப்படிச் செய்திருப்போம் என்று நம்புகிறானா? கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமையை அவளே தொலைத்துவிட்டிருந்தாள்.

ஆடி வந்தது, போனது. தீபாவளி வந்தது, போனது. பிறந்த வீட்டிலிருந்து ஆள் வரவில்லை. கயல் பாண்டிச்சேரியில் ஓடினாள், வெள்ளி வாங்கினாள். பத்திரிகையில் படம் வந்தது. சின்னாத்தாள் அதைப் போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பினாள். அவன் பார்த்துவிட்டான் என்பதற்கான நீலக்கோடு மட்டும் வந்தது.

தை மாதத்தில் ஒரு மத்தியானம் அம்புஜம் கூப்பிட்டாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"அம்மணி, நம்ம பூங்கொடி பெரிய மனுசி ஆயிட்டாளுங்க. செவ்வாய்க்கெழமை."

பூங்கொடி கண்ணையாவின் ஒரே மகள். சின்னாத்தாளுக்கு வாய் நிறைய வார்த்தை வந்தது. ஆனால் அம்புஜம் நிறுத்தவில்லை.

"வியாழக்கெழம அவளுக்குத் தாராபுரத்துல த்ரோபால் மேட்சுங்க. எங்கண்ணன் ஓலையோட வந்து நிக்கறாரு. இவரு, 'மச்சான், ஓலையத் தண்ணி தெளிச்சு நெழல்ல வையுங்க, புள்ள வெளையாடிட்டு வந்துரட்டும்'னு சொல்லிப்போட்டு, ஊரே பாக்க அவள பைக்குல உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போனாருங்க. டீக்கடைக்காரங்க ஒருத்தரும் வாயத் தொறக்கல. மேட்சு முடியற வரைக்கும் மைதானத்துலயே நின்னாரு. பூங்கொடி டீம் தோத்துப்போச்சு. இருந்தாலும் இவரு சிரிச்சுக்கிட்டே கூட்டிட்டு வந்தாரு."

சின்னாத்தாள் சுவரில் சாய்ந்துகொண்டாள். அப்படியானால் அண்ணன் சொன்னது வெறும் வாய்ப்பேச்சு இல்லை.

"அண்ணி, சீருக்கு நான் வரட்டுங்களா? அத்தை நான்தானே தண்ணி ஊத்தோணும்?"

அம்புஜம் குரலை இன்னும் தாழ்த்தினாள்.

"நான் கேட்டுப் பாத்தேனுங்க. அத்தை முறைக்குப் பெரியப்பா மகளச் சொல்லியாச்சுன்னு சொல்லிட்டாரு. உங்களுக்குச் சொன்னதே அவருக்குத் தெரியாது. தயவு செஞ்சு கோவிச்சுக்காதீங்க."

"இல்லைங்க அண்ணி. எனக்கென்ன கோவம். புள்ளைக்கு நெத்தியில என் பேரைச் சொல்லித் திருநீறு வெச்சுவிடுங்க."

போனை வைத்தபோது எதிர்வீட்டு வாசலில் சபுரா நின்றிருந்தாள். தைத்துக்கொண்டிருந்த துணி கையிலேயே இருந்தது.

"என்ன அக்கா, ஊருல இருந்தா? நல்ல சேதியா?"

"நல்ல சேதிதான் சபுரா. அண்ணன் மக வயசுக்கு வந்துட்டா. மூணாவது நாளே அண்ணன் கூட்டிட்டுப் போயி வெளையாட வெச்சிருக்காரு."

"அப்புறம் என்ன, சந்தோசம்தானே. எப்பப் போறீங்க?"

இல்லை என்று சின்னாத்தாள் தலையை ஆட்டினாள். சபுரா துணியைக் கீழே போட்டுவிட்டு வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.