இரண்டாம் முறை நனைந்த பாவு

எனக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது. அந்தக் குணத்தால் வீட்டில் நெளிந்த பாத்திரங்கள் நிறைய. ஒரே ஒரு முறைதான் அது எங்களுக்குச் சோறு போட்டது.

ஒரு வருஷம் அடித்த புயல் எங்கள் தறிக்கொட்டகையின் கூரைத் தகடுகளைப் பிய்த்து எறிந்துவிட்டது. தறியில் புதுப் பட்டுப் பாவு ஏற்றியிருந்தோம். நீளவாக்கில் ஓடும் அந்த நூல்தான் புடவைக்கு உடம்பு. இரவு முழுக்க அது மழையில் கிடந்தது.

எங்கள் தெருவில் பாவு நனைந்தால் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. காதில் விழுந்தால் போதும், அவரவர் வேலையைப் போட்டுவிட்டு வந்துவிடுவார்கள். ஈரப் பட்டைக் குவியலாக விட்டால் ஒட்டிக்கொண்டு பாழாகிவிடும். அன்று விடிந்ததும் பாவைத் தெருவில் நீட்டி, சிக்கெடுத்து, அறுந்த இழைகளை முடிந்து, மழை விட்ட நேரமாகப் பார்த்து உலர்த்திவிட்டார்கள். தறிக்குழித் தண்ணீரை இறைத்து, கூரைக்குத் தார்ப்பாயும் கட்டியாயிற்று. நான் வாசலில் கோலம்கூடப் போட்டேன். போட்டோ எடுக்க வேண்டும் என்பது மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

வீடு, தறி, சரக்கு எல்லாவற்றுக்கும் சேர்த்துக் காப்பீடு எடுத்திருந்தோம். சில நாள் கழித்துச் சேதத்தை மதிப்பிட வந்த சர்வேயர், தறியில் ஒழுங்காக நின்ற பாவைப் பார்த்தார். மழையில் அரக்குச் சாயம் கரைந்து சந்தன நிற இழைகளில் ஊறிக் கிடந்ததும், ஜரிகை கறுத்திருந்ததும் அவருக்குப் பழைய கறையாகத் தெரிந்தன. மழையில் கிடந்த பாவு இவ்வளவு நேராக இருக்காது, ஒரு குடும்பம் அதை ஒரே நாளில் சரிசெய்யவும் முடியாது என்று எழுதிவிட்டார். தெருவே வந்து செய்தது என்று நாங்கள் சொன்னதை அவர் நம்பவில்லை. தகடுகளும் பழசு என்று தள்ளிவிட்டார். ஆக, ஒழுங்காக வேலை செய்ததுதான் எங்கள் குற்றம்!

அந்தப் பணம் வராவிட்டால் கூரை இல்லை, புதுப் பாவு இல்லை. என் வீட்டுக்காரர் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன் வேலைக்குச் சொல்லிவைத்தார். அவர் நெய்த புடவையைக் கட்டிக்கொண்டு எத்தனையோ பெண்கள் மணவறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் போய் கேட்டைத் திறந்து மூடுவதா?

நான் விடவில்லை. ஆபீசுக்கு நடையாக நடந்து, எழுதிக் கொடுத்து, சண்டை போட்டு, கடைசியில் மறு ஆய்வுக்கு ஒரு பெரிய அதிகாரியை வரவழைத்தேன். நல்ல மனிதர்தான். டீயைக் கையில் வைத்துக்கொண்டு அவரும் அதே பாட்டைப் பாடினார்.

"அம்மா, நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் சொல்லலை. ஆனா ஒரே நாள்ல இதை எப்படிச் சரி பண்ணியிருக்க முடியும்?"

எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறிவிட்டது. தறியிலிருந்து பாவை அவிழ்த்து முற்றத்தில் போட்டேன். டிரம்மிலிருந்து தண்ணீரை மொண்டு மொண்டு அதன்மேல் ஊற்றினேன். கறை பட்டாலும் அதை நெய்து, வந்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்று இருந்தோம். எங்களிடம் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

"இன்னாடி பண்ற! இருக்கறதும் போச்சே!" என்று வீட்டுக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

நான் தெருவில் இறங்கிக் கத்தினேன். "பாவு நனைஞ்சிடுச்சு!"

வீடு வீடாகத் தறிச் சத்தம் நின்றது. ஒருவர் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு வந்தார். ஒரு அக்கா மாவுக் கையோடு ஓடி வந்தார். ஜரிகை விற்க வந்த பாய் நடுத்தெருவில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா, மழையே இல்லியே?"

"அப்புறம் சொல்றேன் பாய், புடிங்க!"

பாவு தெரு நீளத்துக்கு நீண்டது. இழைகள் பிரிந்தன, முடிச்சுகள் விழுந்தன. "சார், நூலை மிதிக்காதீங்க, அப்படி ஓரமா நில்லுங்க," என்று யாரோ அதிகாரியை அதட்டினார்கள். அவர் டீ ஆறி ஆடை படிந்துவிட்டது.

"எல்லாரும் உங்க சொந்தக்காரங்களாம்மா?"

"சொந்தமா? அதோ அந்த எதிர்வீட்டுக்காரரு, அவருக்கும் எங்களுக்கும் சாக்கடைத் தகராறு. பேச்சுவார்த்தையே கெடையாது சார்."

அதிகாரி அவரிடமே போனார். "புயல் அன்னைக்கும் வந்தீங்களா?"

எதிர்வீட்டுக்காரர் சிக்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பாவு நனைஞ்சா வராம இன்னா சார்? சண்டை அது பாட்டுக்கு இருக்குது."

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். பிறகு செல்போனில் எல்லாவற்றையும் படம் பிடித்தார், ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதிக்கொண்டார். பொழுது சாய்வதற்குள் பாவு மறுபடி நேராக நின்றது. அவர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். ஜெயித்துவிட்டோம் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

கூரை, தறி, பாவு எல்லாவற்றுக்கும் நஷ்ட ஈடு வந்தது. புதுப் பாவு ஏற்றிய காலையில் கம்பெனியிலிருந்து போன். எப்போது வேலைக்கு வருகிறீர்கள் என்று கேட்டார்கள். வீட்டுக்காரர் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் நூலை நீவிக்கொண்டிருந்தார்.

"வேற ஆளப் பாத்துக்கப்பா," என்றார். "நான் தறியில எறங்கிட்டேன்."