நொரநாட்டியக்காரி

அக்காவுக்கென்றே அம்மா ஒரு சொல் வைத்திருந்தாள்: நொரநாட்டியம். லேசில் எதுவும் பிடிக்காமல், தொட்டதற்கெல்லாம் குறை சொல்வதை அப்படிச் சொல்வார்கள். இட்லிமேல் சாம்பாரை ஊற்றினால் அக்கா சாப்பிடமாட்டாள், பக்கத்தில்தான் ஊற்ற வேண்டும். காய்ந்த துணியில் சோப்பு வாசம் இருந்தால் மறுபடி அலசுவாள். "நொரநாட்டியம் புடிச்சவளே, போற எடத்துல எப்படிடி குப்பை கொட்டப்போறே?" என்பாள் அம்மா. காபி ஆறிவிட்டதென்று அப்பா தினமும்தான் திருப்பி அனுப்பினார். அவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

அப்போது ஆவடியில், அப்பாவின் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் இருந்தோம். அக்காவுக்கு வரன் பார்க்கத் தொடங்கியதும் அந்தச் சொல் பக்கத்து பிளாக் வரை போயிற்று. முதலில் வந்தவர் வாசலில் ஆட்டோக்காரரை வாடா போடா என்று பேசினாராம், வேண்டாமென்றுவிட்டாள். அடுத்தவர் பாடியில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். பெண் பார்க்க வந்த இடத்தில் அவருடைய அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாப்பிள்ளை முகத்தைக்கூடத் திருப்பாமல் கையை மட்டும் உயர்த்தி அடக்கினார். நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

"அந்தக் கை எனக்குப் பிடிக்கலம்மா" என்றாள் அக்கா.

மாப்பிள்ளையின் கையில்கூட நொட்டை கண்டுபிடித்தாள் என்று அத்தை சொந்தத்தில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாள்.

அது அப்பா ஓய்வுபெறும் வருஷம். குவார்ட்டர்ஸைக் காலி செய்வதற்குள் கல்யாணத்தை முடிக்க வேண்டும். பாடிக்காரர் வீட்டில் மறுபடி கேட்டு அனுப்பினார்கள். அப்பா கோபப்படவில்லை, சாப்பிடாமல் இருந்தார். மறுநாள் சாயங்காலம் அக்கா சரியென்றாள்.

கல்யாணமாகி அக்கா போனது நசரத்பேட்டையில் அவருடைய அபார்ட்மென்ட் வீட்டுக்கு. தலை தீபாவளி முடிந்து கொஞ்ச நாளில் நான் போயிருந்தேன். அவர் தட்டில் மிச்சம் வைத்த குழம்புச் சோற்றை அக்கா நின்றபடியே சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவினாள். நாங்கள் குடிமாறியிருந்த அம்பத்தூர் வாடகை வீட்டுக்குத் திரும்பி அம்மாவிடம் சொன்னேன். "பரவால்லையே, திருந்திட்டா" என்று அம்மா சந்தோஷப்பட்டாள்.

அம்மாவும் நானும் பொங்கல் சீர் கொண்டுபோனபோதுதான் அவளே நேரில் பார்த்தாள். எதைக் கேட்டாலும் அக்கா முதலில் அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகுதான் பதில் சொன்னாள். சமையலில் உப்பு கூடிப்போனதற்கு எங்கள் எதிரிலேயே அவர் பேசிய பேச்சை இங்கே எழுத எனக்கு மனமில்லை. அக்கா தலையைக்கூடத் தூக்கவில்லை.

அவர் கீழே இறங்கிப் போனதும் அம்மா அவள் தோளைப் பிடித்து, எங்களோடு வந்துவிடச் சொன்னாள், அப்பாவிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னாள்.



"முன்னாடி மாதிரி இல்லம்மா. இப்ப எனக்கு எதுவுமே கஷ்டமாத் தெரியல."

சொல்லிவிட்டு அக்கா நாங்கள் கொண்டுபோன கரும்பை பால்கனியில் சாத்தி வைக்கப் போனாள்.

திரும்பும்போது பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் அம்பத்தூர் பஸ் வந்து நின்றது. ஏறலாம் என்று கூப்பிட்டேன். அம்மா அசையவில்லை. அடுத்த பஸ்ஸும் வந்து போனது.